வீணைக்கு ஒரு குறையும் இல்லை

அந்த வீணையை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது மாவு மில்தான். எங்கள் பட்டறைக்கு இடது பக்கம் மாவு மில், வலது பக்கம் மோட்டார் காயில் கட்டுகிற கடை. இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து வீணைக்குச் சுருதி பார்ப்பதைவிடச் சந்தைக்குள் குழந்தையைத் தூங்கவைப்பது சுலபம். கோயமுத்தூரில் காய்கறி மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த சந்து அது. வாடகைக்குக் கிடைத்த ஒரே இடம் அதுதான் என்று என் கணவர் சாதித்தார். அவர் தேடிய லட்சணம் அப்படி.

தொண்ணூறுகளின் நடுவில் அந்தப் பட்டறையை நாங்கள் இருவரும்தான் நடத்திவந்தோம். மர வேலை எல்லாம் அவருடையது. தஞ்சாவூர்ப் பக்கம் வீணை செய்யக் கற்றவர். என்னைக் கட்டிக்கொண்ட பாவத்துக்குக் கோயமுத்தூர் வந்து சேர்ந்தார். மேளம் கட்டுவது என் வேலை. வீணையின் கழுத்து நெடுக இரண்டு மெழுகு வரப்புகள் இருக்கும். தேன்மெழுகும் கரித்தூளும் குங்கிலியமும் சேர்த்து உருக்கிய மெழுகு. அதன்மேல் வெண்கல மெட்டுகளை வரிசையாகப் பதிக்க வேண்டும். மெழுகைச் சூடுகாட்டி இளக்கி, கம்பியை மீட்டி, மெட்டை ஒரு மயிரிழை தள்ளி, மறுபடி மீட்டி, ஸ்வரம் சரியாக நிற்கிற இடத்தில் இறுக விட வேண்டும். அதற்குப் பெயர்தான் மேளம் கட்டுவது. அளவுகோல் வைத்துச் செய்ய முடியாது, காதை வைத்துத்தான் செய்ய வேண்டும்.

ஆகவே கரண்ட் போனால் சந்தில் எல்லோரும் கரண்ட் ஆபீஸைத் திட்டுவார்கள். நான் மட்டும் சந்தோஷமாக வீணையை மடியில் இழுத்துக்கொள்வேன். மாவு மில் நிற்கும், காயில் கடை நிற்கும், தெரு மூச்சுவிடும். அந்த நேரத்தில் யாராவது வாசலில் நின்று பேச்சுக்கொடுத்தால் கடித்துக் குதறிவிடுவேன். எனக்குச் சட்டென்று கோபம் வரும் என்பது மார்க்கெட் வரைக்கும் தெரியும். என் வீட்டுக்காரர் வாடிக்கையாளர்களிடம் மெதுவாக, "மில்லு ஓடுறப்ப வாங்க, அப்பதான் நல்லாப் பேசுவா" என்று சொல்லி அனுப்புவார்.

அந்த வீணையோடு ஒரு தம்பதி முதலில் வந்தது ஒரு தை மாதத்தில். கணவர் பெரியநாயக்கன்பாளையத்தில் பம்புசெட் மோட்டார் பழுது பார்க்கிற ஷெட் வைத்திருந்தார். காயில் கடைக்கு வேலையாக வந்து போகிறவர்தான். நாங்கள் அவருக்கு வைத்திருந்த பேர் மோட்டார்க்காரர். ஐம்பதைத் தாண்டிய வயது, வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் நீளமாக ஒரு ஸ்க்ரூ டிரைவர். அன்றைக்கு வேனின் பின்பக்கத்திலிருந்து போர்வையில் சுற்றிய வீணையை அவரே இறக்கி, பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். பின்னாலேயே அவர் மனைவி வந்தார். வீணை அந்த அக்காவுடையது. கல்யாணத்தில் அவருடைய அப்பா கொடுத்தது.

"ஏனுங்க அம்மணி, இதுல சத்தம் கொறஞ்சு போச்சுங்க. முன்னெல்லாம் கணீர்னு இருக்கும். இப்ப என்னமோ போத்திப் படுத்துக்கிட்டுப் பேசற மாதிரி இருக்குது. பாத்துச் சரி பண்ணிக் குடுங்க" என்றார் மோட்டார்க்காரர்.

போர்வையை விலக்கிப் பார்த்தேன். ஒரே பலா மரத்தில் குடைந்த வீணை. குடமும் கழுத்தும் ஒட்டுப்போடாமல் ஒன்றாகவே இருந்தன. அப்படி ஒன்றைப் பார்த்தால் என் வீட்டுக்காரருக்குச் சாப்பாடு மறந்துவிடும். ஆனால் நன்றாகத் தேய்ந்திருந்தது. மெழுகு பாளம் பாளமாக வெடித்திருந்தது. குடத்தின் ஓரத்தில் ஒரு விரிசல். மெட்டுகளில் கம்பி உரசி உரசிப் பள்ளம் விழுந்திருந்தது. மெட்டில் பள்ளம் விழுந்த வீணைமேல் எனக்கு ஒரு தனி மரியாதை உண்டு. பீரோ மேல் தூங்குகிற வீணைக்குப் பள்ளம் விழாது.

"தினமும் வாசிப்பீங்களாக்கா?" என்று கேட்டேன்.

"அவரு ஷெட்டுல இருந்து வந்து காபி குடிக்கறப்ப வாசிப்பேன் கண்ணு. பொண்ணை அந்தியூர்ல கட்டிக் குடுத்துப் போட்டம். அப்புறம் ஊட்ல எனக்கு வேறென்ன வேலை?" என்றார் அக்கா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அந்தியூர் என்றபோது குரல் ஒரு படி இறங்கியது. இருந்தது ஒரே பெண். பக்கத்திலேயே எங்காவது கொடுக்கலாம் என்று அக்கா சொல்லியிருக்கிறார். அந்தியூர் மாப்பிள்ளைதான் தோது என்று மோட்டார்க்காரர் முடித்துவிட்டார். பெண் அங்கே நன்றாகத்தான் இருக்கிறாள் என்றும் அக்கா சொன்னார்.

நல்ல வேலை அது. என் வீட்டுக்காரர் விரிசலில் வஜ்ஜிரப் பசை ஊற்றி, பலா மரத் தூளை அடைத்து, கயிற்றால் இறுக்கிக் கட்டிக் காயவைத்தார். கழுத்தின் நுனியில் இருந்த யாளி முகத்தில் உடைந்திருந்த பல்லைப் புதிதாகச் செதுக்கி ஒட்டினார். நான் பழைய மெழுகை முழுக்கச் சுரண்டி எடுத்தேன். பள்ளம் விழுந்த மெட்டுகளை அரத்தால் ராவி, தேறாததை மாற்றி, புது மேளம் கட்டினேன். என் வேலையை நானே மெச்சிக்கொள்ளக் கூடாது. ஆனாலும் சொல்கிறேன், அந்த வருஷம் நான் கட்டியதில் அதுதான் நல்ல மேளம். கரண்ட் போன ஒரு மத்தியானத்தில் மீட்டிப் பார்த்தபோது, மந்தரக் கம்பியின் நாதம் தரைவழியாக என் முழங்காலில் ஏறியது.

வாங்கிப்போக வந்த அன்று அக்கா அங்கேயே உட்கார்ந்து வாசித்தார். கைசுத்தமான வாசிப்பு. கச்சேரிக்காரர்களின் வேகம் எல்லாம் கிடையாது. கோலம் போடுகிறவர் புள்ளியில் இழையைச் சேர்ப்பதுபோல ஒவ்வொரு ஸ்வரத்தையும் நிதானமாகப் போய்த் தொடுவார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மோட்டார்க்காரர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "வேலை சுத்தமா இருக்குதுங்க. ஆனா சத்தம் இன்னுங் கொஞ்சம் வேணுமுங்க" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "வீணைக்கு ஒரு கொறையும் இல்லீங்கண்ணா" என்றேன். அவர் வீணையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அடிக்கடி வர ஆரம்பித்தார்கள். தடிமனான கம்பி மாற்றிக் கேட்டார், மாற்றினேன். தூசி அடைத்திருக்கும் என்றார், குடத்தைத் துடைத்தோம். ஒருமுறை குதிரைமேல் வைக்கிற தகட்டை, அதாவது கம்பிகள் ஏறி இறங்கும் வெண்கலத் தகட்டை, தன் ஷெட்டிலேயே வார்த்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். கண்ணாடிபோல மழமழவென்று, ஒரு மேடு பள்ளம் இல்லாமல் இழைத்திருந்தார். அதுதான் தப்பு. அந்தத் தகட்டில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வளைவு இருந்தால்தான் கம்பி பேசும். அவர் தகட்டில் கம்பியை வைத்தால் தகர டப்பாவைத் தட்டுவதுபோல இருந்தது. "இது வீணைங்கண்ணா, வாட்டர் பம்ப் இல்லை" என்று நான் எகிறினேன். என் வீட்டுக்காரரோ தகட்டை வெயிலில் பிடித்து, "என்ன ஃபினிஷிங் பாரு" என்று அதிசயித்துக்கொண்டிருந்தார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தார். மோட்டார்க்காரரும் எங்களைப் பார்த்துச் சிரித்தார், ஆனால் கொஞ்சம் தாமதமாக.

அந்தத் தாமதம்தான் எனக்கு உறுத்தியது. அதன் பிறகு கவனிக்க ஆரம்பித்தேன். பேசுகிறவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் பதில் சொல்வார். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டார். அக்கா முழங்கையைத் தொடுவார், அப்புறம் திரும்புவார். மாவு மில் சடாரென்று நிற்கும்போது நாங்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்ப்போம். அவர் மட்டும் நிறுத்தாமல் அதே உரத்த குரலில் பேசிக்கொண்டு போவார். காதை வைத்துப் பிழைக்கிற எனக்கு இதைக் கண்டுபிடிக்க இத்தனை நாள் ஆனது வெட்கமாகத்தான் இருந்தது.

ஒரு நாள் அவர் காயில் கடைக்குள் போயிருந்தபோது அக்காவிடம் நேராகவே கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"ஆமாங் கண்ணு, காது மந்தம். நாள் முழுக்க ஷெட்டுல அந்தச் சத்தத்துக்குள்ளயே இருந்து இருந்து போயிருச்சு. ஆனா அவருக்குத் தெரியாது."

"தெரியாம எப்படிக்கா இருக்கும்?"

"அந்த ஸ்க்ரூ டிரைவர் இருக்குதல்லோ" என்றார் அக்கா. மோட்டார் ஓடும்போது அதன் நுனியைப் பேரிங் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோரம் எலும்பில் அழுத்திக் கேட்பாராம். எந்தப் பேரிங் தேய்ந்திருக்கிறது, எங்கே உரசுகிறது என்று பிரிக்காமலே சொல்லிவிடுவாராம். கோயமுத்தூர் மெக்கானிக்குகள் நிறையப் பேர் அப்படிப் பார்ப்பதை நானும் கண்டிருக்கிறேன். ஆனால் இவர் கேட்டுச் சொன்னால் சொன்னதுதானாம். "அதை வெச்சாருன்னா இன்னைக்கும் அவருக்கு அத்தனையும் கேக்குது கண்ணு. அதனால என்ற காதுக்கு என்ன வந்துச்சுன்னு இருக்கறாரு. மேட்டுப்பாளையம், அன்னூர்னு எங்கிருந்தெல்லாமோ அந்தக் காதை நம்பித்தான் மோட்டாரைக் கொண்டாராங்க. அது போச்சுன்னு தெரிஞ்சா மனுசன் ஒடைஞ்சு போயிருவாரு. நீங்க சொல்லிப்போடாதீங்க."

எனக்கு நியாயம் என்று படவில்லை. டாக்டரிடம் காட்டுங்கள் என்றேன். அதற்கும் சொல்லித்தானே கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்றார். கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டுவிட்டார். கையைப் பிடித்துக்கொண்ட பிறகு என்ன செய்வது, சரி என்று தலையை ஆட்டினேன்.

அடுத்த தடவை மோட்டார்க்காரர் ஒரு முடிவோடு வந்தார். வீணையை இறக்கிவைத்துவிட்டு, குடத்தின் மேல்பலகையை விரலால் தட்டினார். "கொறை இங்கதானுங்க இருக்குது. பலகை தடிமன். இதைப் பேத்து எடுத்து, உள்பக்கமா இழைச்சு மெலிசாக்கிப் போட்டா சத்தம் தன்னால வருமுங்க. நான் நல்லா ரோசனை பண்ணிப் பாத்துட்டேன்."

என் வீட்டுக்காரர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒரு நல்ல வீணையின் நாதமே அந்தப் பலகையில்தான் இருக்கிறது. பல வருஷம் வாசித்து வாசித்துப் பழகிய பலகை. அதைப் பெயர்த்து இழைத்தால் அப்புறம் அது வேறு வீணை; அதுகூட உறுதி இல்லை, வெறும் பெட்டியாகவும் ஆகிவிடலாம். இழைத்த மரத்தைத் திரும்ப வைக்க யாராலும் முடியாது. அவர் எதையெதையோ சொல்லித் தட்டிக்கழிக்கப் பார்த்தார். மோட்டார்க்காரர் விடவில்லை. நீங்கள் செய்யாவிட்டால் என் ஷெட்டில் நானே பிரிக்கிறேன் என்றார். செய்யக்கூடியவர்தான்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் உண்மையை ஒரு வார்த்தை சொன்னால் போதும், வீணை தப்பித்துவிடும். அவர் வீணையைப் பார்க்காமல் வாசலைப் பார்த்தபடி, "அவரு சொல்ற மாதிரியே செஞ்சு போடுங்க" என்றார். அப்பா கொடுத்த வீணை. தினமும் கையில் எடுத்துப் பள்ளம் விழுகிற அளவு வாசித்த வீணை. அதைவிட அந்த மனிதர் தன் காதின்மேல் வைத்திருந்த நம்பிக்கை அக்காவுக்குப் பெரிதாக இருந்தது. எனக்குக் கோபம் வந்தது. அக்காமேலா மோட்டார்க்காரர்மேலா என்று தெரியாத கோபம்.

சொல்ல மாட்டேன் என்றுதான் வாக்குக் கொடுத்திருந்தேன். கேள்வி கேட்க மாட்டேன் என்று கொடுக்கவில்லை.

"ஏனுங்கண்ணா" என்று அவருக்கு முகத்தைக் காட்டி உட்கார்ந்தேன். "ஒரு மோட்டார் உங்க ஷெட்டுக்கு வருது. பிரிக்கறதுக்கு முன்னாடி என்ன பண்ணுவீங்க?"

"ஸ்க்ரூ டிரைவர் வெச்சுக் கேப்பேனுங்க."

"கேக்காமயே பிரிச்சா?"

"அவன் மெக்கானிக்கே இல்லீங்க."

"அப்ப இதுக்கும் வெச்சுக் கேளுங்க. எங்க கொறைன்னு நீங்களே சொல்லுங்க. நீங்க சொல்ற இடத்துல பிரிக்கறோம்."

அக்கா என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினார். ஆனால் மோட்டார்க்காரருக்கு அது நியாயமாகப் பட்டுவிட்டது. சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை உருவினார். என் வீட்டுக்காரர் அவசரமாக ஒரு தோல் துண்டை எடுத்து, பலகையில் கீறல் விழாமல் குதிரையின் காலடியில் வைத்தார். மோட்டார்க்காரர் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, குடத்துக்குப் பக்கத்தில் தரையில் மண்டிபோட்டார். நுனியைத் தோலின்மேல் வைத்தார். கைப்பிடியைக் காதுக்கு முன்னால் எலும்பில் அழுத்தினார். கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிருந்தது. சந்து அமைதியாகக் கிடந்தது. அக்காவுக்கு வேறு வழி இல்லை, வீணைக்குப் பின்னால் உட்கார்ந்து வாசித்தார்.

மோட்டார்க்காரரின் முகம் அசையவே இல்லை. பிறகு கைப்பிடியைக் காதிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டார். மறுபடி வைத்துக் கேட்டார். எடுத்தார். வைத்தார். பழுதைக் கண்டுபிடிக்கிறவர் அப்படித்தான் செய்வார், ஒவ்வொன்றாக விலக்கிப் பார்ப்பார். "இன்னொருக்கா வாசி" என்றார். அக்கா மறுபடி அதையே வாசித்தார். மறுபடியும் வைத்தார், எடுத்தார். கடைசியில் ஸ்க்ரூ டிரைவரை மடியில் வைத்துக்கொண்டார்.

"அம்மணி சொன்னது சரிதானுங்க. இதை வெச்சா பழையபடி கணீர்னு கேக்குது, எடுத்தாத்தான் கொறையுது. வீணைக்கு ஒரு கொறையும் இல்லை" என்றார். பிறகு அக்காவைப் பார்த்து, "அப்ப என்ற காதுதானா?" என்று கேட்டார்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். கண்ணீர் வீணையின்மேல் விழுந்தது. மெழுகில் விழுமே என்று நினைத்தேன், துடைக்கத் தோன்றவில்லை. உடைந்து போய்விடுவார் என்று அக்கா சொன்னதை நினைத்துப் பயத்தோடு மோட்டார்க்காரரைப் பார்த்தேன்.

அவர் சிரித்துக்கொண்டிருந்தார். பெரிய பாரத்தை இறக்கிவைத்தவர்போலத் தோள் இரண்டும் தளர்ந்திருந்தன.

"காதுதானா" என்றார் மறுபடியும். "நான் என்னென்னமோ நெனச்சுப் போட்டேன். புள்ளைய அந்தியூருக்குக் குடுத்த நாள்ல இருந்துதான் இந்த வீணைல சத்தம் கொறஞ்சுது. சரி, என்மேல உனக்குக் கோவம், நீ மனசில்லாம ஏனோதானோன்னு வாசிக்கறேன்னு நெனச்சேன். கேக்கவும் பயமா இருந்துச்சு. அதான் வீணைதான் கெட்டுப்போச்சுன்னு இங்க தூக்கிட்டுத் தூக்கிட்டு வந்தேன்."

அக்கா நிமிர்ந்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அவருக்குக் கேட்கிற மாதிரி நன்றாக உரக்க, "கோவம் இருந்துச்சுங்க. அதை ஊட்லயே சொல்லித் தீத்துட்டேன். உங்களுக்குக் கேக்கலை" என்றார். "வாசிக்கறது எப்பவும் ஒரே மாதிரிதானுங்க வாசிச்சேன்."

என் வீட்டுக்காரர் எதையோ தேடுகிறவர்போலத் திரும்பிக்கொண்டார். நான் திரும்பிக்கொள்ளவில்லை, வெட்கமில்லாமல் பார்த்துக்கொண்டே அழுதேன்.

அப்போது கரண்ட் வந்தது. மாவு மில் தடதடவென்று கிளம்பியது, காயில் கடையிலும் மோட்டார் சுற்ற ஆரம்பித்தது. இனி என்ன கேட்கும் என்று அக்கா கம்பியிலிருந்து கையை எடுத்தார். மோட்டார்க்காரர் விடவில்லை. ஸ்க்ரூ டிரைவரைத் தோல் துண்டின்மேல் வைத்து, கைப்பிடியை எலும்பில் அழுத்தி, மறு காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, "நீ வாசி" என்றார்.

அக்கா வாசித்தார். விரல் மெட்டுகளின்மேல் போவதும் வருவதும் எனக்குத் தெரிந்தது. நாதம் துளிகூடக் கேட்கவில்லை. என் வீட்டுக்காரருக்கும் கேட்டிருக்காது. வாசிக்கிற அக்காவுக்கே கேட்டிருக்காது. அந்தப் பட்டறையில் இருந்தவர்களில் மோட்டார்க்காரருக்கு மட்டும்தான் அன்றைக்கு அந்த வீணை கேட்டது.